தரங்கம்பாடி டேனிஷ் கோட்டை: எந்த நாள் போவது, எந்த வாசலில் தொடங்குவது, உள்ளே எதைப் பார்ப்பது

கோட்டை சிறியது. இதைத் தெரிந்துகொண்டு கிளம்பினால் ஏமாற்றம் இருக்காது. டென்மார்க்கின் குரோன்போர்க்குக்கு அடுத்த பெரிய டேனியக் கோட்டை என்று பல இடங்களில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, செஞ்சியையோ வேலூரையோ மனதில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் "இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டுக் கடலில் கால் நனைக்கப் போய்விடுகிறார்கள். சும்மா நடந்தால் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும் இடம்தான். ஊரின் மேற்கு வாசலிலிருந்து வரிசையாக நடந்து வந்து பார்த்தால் மூன்று மணி நேரம் போவது தெரியாது. ஏனென்றால் இங்கே கோட்டை என்பது கடலோரம் நிற்கும் அந்த ஒரு கட்டடம் மட்டுமல்ல. வாசல், தெரு, மைதானம், மதில், அலை எல்லாம் சேர்ந்த ஏற்பாடு அது.

நாளும் நேரமும்

வெள்ளிக்கிழமை போகாதீர்கள். கோட்டையும் அதன் உள்ளே இருக்கும் அருங்காட்சியகமும் மாநிலத் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ளன, வெள்ளி விடுமுறை. நீண்ட வார இறுதிக்காக வியாழன் இரவு கிளம்பி வெள்ளி காலை வந்து இறங்குகிறவர்கள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்வார்கள். அப்படி வர நேர்ந்தால் வெள்ளியன்று பூம்புகார், திருக்கடையூர் என்று சுற்றிவிட்டு, கோட்டையைச் சனிக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாட்களில் காலை 10 முதல் 1 மணி வரை, பிறகு 2 முதல் மாலை 5.45 வரை திறந்திருக்கும். நடுவே வரும் அந்த ஒரு மணி நேர இடைவேளையை மறந்துவிட்டு 12.40-க்குச் சீட்டு வாங்காதீர்கள். அருங்காட்சியகத்தின் பாதியில் இருக்கும்போது கதவு சாத்த வந்துவிடுவார்கள்.

டிசம்பர் கடைசி வாரம் முதல் பிப்ரவரி முடிய நல்ல காலம். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை வடகிழக்குப் பருவமழை. காற்றழுத்தத் தாழ்வு என்று வானிலை அறிக்கையில் ஒரு சொல் வந்தாலே பயணத்தைத் தள்ளிப்போடலாம். டேனியர் காலத்திலும் இதே கணக்குதான். இந்த மாதங்களில் சோழமண்டலக் கரையில் நங்கூரம் போட்டு நிற்பது ஆபத்து என்று கப்பல்கள் விலகிப் போய்விடும். ஏப்ரல் முதல் ஜூன் வரை போகலாம், ஆனால் முற்பகல் 11 மணிக்கு மேல் முற்றத்தின் தரை கொதிக்கும். மதிலின் மேல் ஒரு கையகல நிழல்கூடக் கிடையாது. வெயில் காலத்தில் வெளிப்புறத்தை அதிகாலையிலும், உள்ளே இருக்கும் அறைகளை 10 மணிக்குக் கதவு திறந்ததும் பார்த்துவிடுவதே வழி.

போய்ச் சேர்வது

இருப்பது மயிலாடுதுறை மாவட்டத்தில். மயிலாடுதுறையிலிருந்து சுமார் 30 கி.மீ., காரைக்காலிலிருந்து சுமார் 15, நாகப்பட்டினத்திலிருந்து 35-ஐ ஒட்டி. தரங்கம்பாடிக்கு இப்போது ரயில் கிடையாது. மயிலாடுதுறையிலிருந்து வந்த பழைய மீட்டர்கேஜ் தடம் 1980-களில் மூடப்பட்டது. ஆகவே மயிலாடுதுறை சந்திப்பில் இறங்கிப் பேருந்து பிடிப்பதே வழக்கம். பேருந்தில் "தரங்கம்பாடி" என்று எழுதியிருக்க வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். "பொறையார்" என்று எழுதியிருந்தால் ஏறிவிடலாம். பொறையார்தான் பக்கத்திலுள்ள பெரிய நிறுத்தம். சாப்பாட்டுக் கடை, மருந்துக்கடை, ஏடிஎம் எல்லாம் அங்கேதான். அங்கிருந்து ஆட்டோ. சென்னையிலிருந்து காரைக்கால், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி செல்லும் பேருந்துகளும் நெடுஞ்சாலையில் நிறுத்துவார்கள். ஏறும்போதே நடத்துநரிடம் சொல்லி வையுங்கள், இரவுப் பேருந்தானால் இரண்டு தடவை.

வாடகை வண்டியில் வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தெற்கே நண்டலாறு தாண்டினால் காரைக்கால், அதாவது புதுச்சேரி ஆட்சிப்பகுதி. "பக்கம்தானே, ஒரு எட்டுப் போய் வரலாம்" என்று சோதனைச் சாவடியை நெருங்கும்போது பர்மிட் பேச்சு எழும். காரைக்காலும் போவதாக இருந்தால் வண்டி பேசும்போதே அதைச் சொல்லிவிடுங்கள்.

இரவு தங்க ஊருக்குள்ளேயே சில விடுதிகள் உண்டு. அவை நிரம்பிவிட்டால் எல்லோரும் தேடுவது ஏழெட்டு கி.மீ. தள்ளியுள்ள திருக்கடையூரை. அங்கே அறைகள் நிறைய. ஆனால் அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் நடக்கும் ஊர் அது. முகூர்த்த நாளில் ஒரு அறை கிடைக்காது, கிடைத்தாலும் விடியற்காலை நாலு மணிக்கு நாதஸ்வரம் எழுப்பிவிடும். நாட்காட்டியைப் பார்த்துவிட்டு முன்பதிவு செய்யுங்கள்.

தொடங்க வேண்டிய இடம்

ஆட்டோக்காரர் நேராகக் கடற்கரைக்குக் கொண்டுபோவார். வேண்டாம், ஊர் வாசலிலேயே இறங்கிக்கொள்ளுங்கள். வெள்ளையடித்த வளைவுடன் நிற்கும் அந்த நுழைவாயிலின் டேனியப் பெயர் லாண்ட்போர்ட்டன், 'நிலவாசல்' என்று பொருள். இப்போது நிற்பது 1792-இல் கட்டியது. வளைவுக்குள் போய் நின்று இரு பக்கமும் பாருங்கள்: வாசல் மட்டும் தனியாக நிற்கிறது, மதிலைக் காணோம். ஒரு காலத்தில் ஊரைச் சுற்றி மதில் ஓடியது.

அந்த மதிலுக்குப் பின்னால் இருக்கும் ஆளைத் தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் சுவையாகும். டென்மார்க் ஐரோப்பியப் போர்களில் சிக்கி நொடித்துப்போன காலம். தரங்கம்பாடிக்குக் கப்பல் வருவது நின்றே போனது. ஒருவர் பின் ஒருவராக இறந்தும் ஊர்விட்டுப் போயும், 1655 வாக்கில் கோட்டையில் மிஞ்சிய டேனியர் ஒரே ஒருவர். எஸ்கில் ஆண்டர்சன் கொங்ஸ்பாக்கே என்பது அவர் பெயர். தளபதியில்லை, பெரிய வணிகருமில்லை. பீரங்கி சுடும் ஆள். உள்ளூர் ஆட்களை வைத்துக்கொண்டு, வங்கக் கடலில் கப்பல்களை மடக்கிக் கிடைத்த பணத்தில் பதினான்கு ஆண்டுகள் கோட்டையைக் காத்தார். தஞ்சைப் படை நிலப்பக்கமாக நெருக்கியபோது ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார். 1669-இல் டென்மார்க்கிலிருந்து கப்பல் வந்தபோது கொடி இன்னும் பறந்துகொண்டிருந்தது, அவரையே ஆளுநராக்கினார்கள். நீங்கள் நிற்கும் வாசல் அவருக்கு நூறாண்டுக்கு மேல் பிந்தியதென்றாலும், வாசல் இங்கே ஏன் வேண்டியிருந்தது என்பதற்குக் காரணம் அவர்தான்.

வாசலைத் தாண்டினால் கிங்ஸ் தெரு, கிழக்கே கடலை நோக்கி ஓடுகிறது. மெதுவாக நடந்தால் கால் மணி நேரம். நின்று பார்த்தால் ஒரு மணி. இரண்டு தேவாலயங்களை விட்டுவிடாதீர்கள். 1701-இல் கட்டிய சீயோன் ஆலயம் டேனியக் குடியிருப்பினருக்கானது. 1718-இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயம் தமிழ்ச் சபையாருக்காக ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு கட்டியது. அடுத்த ஆண்டே இறந்து அதற்குள்ளேயே அடக்கமானார். இரண்டும் வழிபாடு நடக்கும் ஆலயங்கள். ஞாயிறு காலையில் கேமராவோடு உள்ளே நுழைவது சரியில்லை. வழிபாடு முடியும்வரை பொறுத்து, கேட்டுவிட்டுப் போங்கள். செருப்பு விஷயத்தில் அங்கே இருப்பவர்கள் செய்வதைச் செய்யுங்கள்.

"தமிழில் முதல் அச்சு இங்கேதான்" என்று யாராவது சொல்வார்கள். அது சரியல்ல. போர்த்துக்கீசிய இயேசு சபையினர் 1578-லேயே கொல்லத்தில் தமிழை அச்சேற்றிவிட்டார்கள். தரங்கம்பாடியின் பெருமை வேறு: 1712-ஐ ஒட்டி அச்சுப்பொறி வந்தது, ஜெர்மனியில் வார்த்த தமிழ் எழுத்துகள் வந்தன, 1714-15-இல் புதிய ஏற்பாடு தமிழில் வெளியானது, காகித ஆலைகூட வைத்துப் பார்த்தார்கள். விட்டு விட்டு நடந்த அச்சு வேலையைத் தொடர்ந்து நடக்கும் தொழிலாக மாற்றியது இந்த ஊர்.

மைதானத்தில் ஐந்து நிமிடம்

தெரு முடியும் இடத்தில் வெட்டவெளி. நேரே கடல், வலப்பக்கம் கோட்டை. உடனே சீட்டு வாங்க ஓடாமல் இங்கேயே ஐந்து நிமிடம் நின்று திசையைப் பிடித்துக்கொள்ளுங்கள், உள்ளே போனபின் அது உதவும்.

முதலில் கடலைப் பாருங்கள். துறைமுகத்துக்கு ஏற்ற ஒரு வளைவோ, குடாவோ, ஆற்றுமுகமோ தெரிகிறதா? இல்லை. நேரான மணற்கரை, கரையை ஒட்டியே உடையும் அலை. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, சரக்கும் ஆளும் சிறு படகுகளில் அலையைத் தாண்டி வந்தாக வேண்டும். அதற்கென்றே கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் இந்தக் கரையில் இருந்தன. ஆணி அடித்த படகு அலை அறைந்தால் பலகை பிளக்கும், தைத்த படகு வளைந்து கொடுக்கும். கரையிறங்கும் அந்தச் சில நிமிடங்கள்தான் வணிகத்தின் மிகப் பலவீனமான நேரம். கோட்டை ஏன் கடலின் நெற்றியில் நிற்கிறது என்பதற்கு விடை அது: நங்கூரமிட்ட கப்பலும் வந்துபோகும் படகும் சரக்கு இறக்கும் மணலும் பீரங்கியின் கண்ணில் இருக்க வேண்டும்.

இனிக் கோட்டை. 1620 நவம்பரில் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு செய்துகொண்ட உடன்படிக்கையின் பேரில் ஓவே யெட்டே என்ற டேனியக் கடற்படைத் தளபதி தொடங்கிவைத்தது. முன்னோடியாக வந்த கப்பலைக் காரைக்கால் கடலில் போர்த்துக்கீசியர் தாக்கி அழித்தார்கள். தப்பிக் கரையேறிய ரோலண்ட் கிராப்பே என்பவர்தான் தஞ்சாவூர் போய் நாயக்கரிடம் பேச்சைத் தொடங்கினார். நாயக்கர் டேனிய மன்னர் நான்காம் கிறிஸ்தியானுக்குப் பொன்னேட்டில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது. சுற்றிலும் அகழியும் அதைக் கடக்கத் தூக்குப்பாலமும் இருந்தன. இரண்டும் இன்று இல்லை. ஆகவே மதில் நமக்குக் குட்டையாகத் தெரிகிறது. அகழியின் ஆழத்தை மனதில் சேர்த்துக்கொண்டு பாருங்கள், உயரம் சரியாகிவிடும்.

உள்ளே

நுழைவுச்சீட்டுக்குச் சில்லறையாகப் பணம் வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டினருக்குக் கட்டணம் வேறு. கேமராவுக்கும் வீடியோவுக்கும் தனிக் கட்டணமா என்பதை அங்கேயே கேட்டு வாங்கிவிட்டால் உள்ளே வாக்குவாதம் வராது.

முற்றத்துக்குள் வந்ததும் அருங்காட்சியகத்துக்குள் போய்விடாதீர்கள். முதலில் மதிலோரம் ஒரு சுற்று. மதிலை ஒட்டி உட்பக்கமாக இருக்கும் அறைகள் வீரர்கள் தங்கவும் சமைக்கவும் குதிரை கட்டவும் இருந்தவை. கிழக்குப் பக்கம் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கும் இரண்டடுக்குக் கட்டடம்தான் கோட்டையின் உயிர். கிட்டத்தட்ட 60 மீட்டர் நீளம், 11 மீட்டர் அகலம்.

கீழ்த்தளத்தை முதலில் பாருங்கள். பெரும்பாலானோர் படியைக் கண்டதும் மேலே ஏறிவிடுகிறார்கள். திரும்பி வரும்போது அலுத்துப்போய்க் கீழே எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. சரக்கறை, வெடிமருந்துக் கிடங்கு, சிறை எல்லாம் கீழேதான். வெயிலிலிருந்து உள்ளே காலடி வைத்ததும் ஒன்றும் தெரியாது. செல்போன் டார்ச்சைப் போடுவதற்கு முன் இரண்டு நிமிடம் அப்படியே நில்லுங்கள். கண் பழகியதும் கூரையின் வளைவு மெல்ல எழுந்து வரும். டார்ச் அடித்தால் வெளிச்ச வட்டம் மட்டும் தெரியும், அறை தெரியாது. தலை குனிய வேண்டிய இடங்கள் உண்டு. வௌவால் எச்சத்தின் நாற்றம் சில அறைகளில் இருக்கும், ஆஸ்துமா உள்ளவர்கள் கைக்குட்டை வைத்துக்கொள்ளலாம். புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்டிய அதே சீகன்பால்கு, 1708-இல் டேனிய ஆளுநரோடு முட்டிக்கொண்டு நான்கு மாதம் சிறைப்பட்டிருந்தது இந்தக் கோட்டையில்தான். காலையில் தெருவில் பார்த்த ஆலயத்தையும் இந்த இருட்டையும் சேர்த்து நினைத்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை.

மேல்தளம் ஆளுநரும் தலைமை வணிகர்களும் பாதிரியாரும் வாழ்ந்த பகுதி. ஒரு சிற்றாலயமும் இருந்தது. பிற்காலத்தில் ஆளுநர் கோட்டைக்கு வெளியே உள்ள பெரிய பங்களாவுக்குக் குடிபோய்விட்டார். இங்கே கூரையைப் பார்க்க வேண்டும். ஒட்டக முதுகுபோல நான்கு குவிமாடங்கள் எழும்பியிருக்கும், நடுவே ஒற்றைத் தூண். நான்கு வளைவுகளும் வந்து இறங்கும் புள்ளி அந்தத் தூண். மீதிப் பாரம் பக்கச் சுவர்களுக்குப் போகிறது. வளைவு எப்போதும் சுவரை வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும், அந்தத் தள்ளலைத் தாங்கத்தான் சுவருக்கு இவ்வளவு கனம். ஜன்னலோரம் போய் உங்கள் கையை நீட்டிச் சுவரின் தடிமனை அளந்து பாருங்கள். உள்ளே குளுகுளுவென்று இருப்பதற்கும் இந்தக் கனமே காரணம்.

அருங்காட்சியகம் பழைய பாணி. கண்ணாடிப் பெட்டி, சிறிய எழுத்தில் விவரப்பலகை. பீங்கான் பாத்திரங்கள், சீனத் தேயிலைச் சாடிகள், டேனிய ஆவணப் படிகள், வாள், ஈட்டி, பீரங்கிக் குண்டுகள், சுடுமண் பொம்மைகள், சுதை உருவங்கள், திமிங்கல எலும்பு என்று கலந்து கிடக்கும். எல்லாவற்றையும் சமமாகப் பார்த்தால் களைப்புத்தான் மிஞ்சும். தேயிலைச் சாடிகளின் முன் கொஞ்சம் கூடுதலாக நில்லுங்கள். டென்மார்க்குக்கும் தஞ்சாவூருக்கும் நடுவில் சீனா எங்கே வந்தது? இந்த ஊர் மிளகுக்காகத் தொடங்கி, துணிக்கு மாறி, கடைசியில் தூரக்கிழக்கு வணிகத்தின் ஒரு கண்ணியாகவும் இருந்தது என்பதை எந்த விவரப்பலகையையும்விட அந்தச் சாடி தெளிவாகச் சொல்லும்.

பிற்பகுதிக் கதை சுருக்கமானது. 1808 முதல் 1815 வரை ஆங்கிலேயர் பிடித்து வைத்திருந்து திருப்பிக் கொடுத்தார்கள். 1845-இல் டென்மார்க் இந்த ஊரையும் வங்கத்தின் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு விற்றுவிட்டது. பிறகு கோட்டை பயணியர் விடுதியாகக்கூட இருந்தது. தொல்லியல் துறை கைக்கு வந்தது 1978-இல்.

சுவரைப் படிப்பது

பூச்சு உதிர்ந்த ஒரு இடத்தைத் தேடுங்கள். கடல் பக்கச் சுவரில் தேட வேண்டிய அவசியமே இருக்காது. ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துப் பாருங்கள். மேலே சுண்ணாம்பு வெள்ளை, அதன்கீழ்ப் பூச்சு, அதன்கீழ்ச் செங்கல். செங்கலின் மேல் மாவு தூவியதுபோல ஒரு வெண்மை படிந்திருக்கும். அது சுண்ணாம்பு அல்ல, உப்பு.

நடப்பது இதுதான். கடற்காற்றின் ஈரத்தோடு உப்பு செங்கலின் நுண்துளைகளுக்குள் போகிறது. வெயிலில் நீர் ஆவியாகிறது, உப்பு தங்கிவிடுகிறது. தங்கிய உப்பு படிகமாக வளரும்போது துளையின் சுவரை உள்ளிருந்து தள்ளுகிறது. அடுத்த ஈரத்தில் கரைந்து, அடுத்த வெயிலில் மறுபடி படிகமாகிறது. நானூறு ஆண்டுகளாக அன்றாடம் இதே வேலை. சுண்ணாம்புப் பூச்சு மூச்சுவிடும். உப்பு அதன் வழியே வெளியேறி, பூச்சுதான் உதிரும், செங்கல் பிழைக்கும். பழுது பார்க்கிறேன் என்று சிமெண்ட் பூசினால் மேலே உறுதியாகத் தெரியும். உள்ளே ஈரம் வழியில்லாமல் அடைபட்டுச் செங்கலே பொடியாகும். தட்டினால் சிமெண்டுக்குப் பின்னால் வெறும் கூடாகக் கேட்கும் சுவர்கள் இந்தக் கரை முழுக்க உண்டு. ஆகவே சுண்ணாம்பு உதிர்வதைப் பார்த்து உடனே "பராமரிப்பே இல்லை" என்று முடிவுகட்ட வேண்டாம். உதிர்வது அதன் வேலை. உதிர்ந்ததைத் திரும்பப் பூசுவதுதான் பராமரிப்பு.

இதிலிருந்தே நடைமுறை விதியும் வருகிறது: சாயாதீர்கள், சுரண்டாதீர்கள், பேர் எழுதாதீர்கள். ஒரு கீறல் போதும், ஈரம் அங்கே முதலில் நுழையும். உங்கள் கறுப்புச் சட்டையின் முதுகும் வெள்ளையாகிவிடும்.

மதிலும் கரையும்

கடலைப் பார்த்து வைத்திருக்கும் பீரங்கிகளின் அருகே எல்லோரும் படம் எடுப்பார்கள். மதிலின் விளிம்பில் எல்லா இடத்திலும் கைப்பிடி இல்லை. பழைய படிகள் நடுவில் தேய்ந்து சரிந்திருக்கும், மழைக்குப் பின் பாசி வழுக்கும். சிறுபிள்ளைகளைக் கையை விடாமல் கூட்டிப் போங்கள். பீரங்கி மேல் உட்கார வைத்துப் படம் எடுப்பது வேண்டாம், வெயிலில் அந்த இரும்பு சுடும். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் முற்றத்தையும் கீழ்த்தளத்தையும் பார்த்துவிட்டு நிழலில் உட்காரலாம். மேல்தளத்துக்குப் படியேறித்தான் ஆக வேண்டும்.

கரையில் கொட்டியிருக்கும் கற்களைத் தாண்டி அலைக்குப் பக்கத்தில் போகாதீர்கள். ஈரக்கல்லில் பாசி கண்ணுக்குத் தெரியாது. இந்தக் கரையில் ஏற்றவற்றத்தின் அளவு ஒரு மீட்டருக்கும் குறைவு, ஆகவே "வற்றும்போது போகலாம்" என்ற கணக்கு உதவாது. ஆபத்து அலையிலும் இழுப்பிலும்தான். வரிசையாக வெள்ளையாக உடையும் அலைகளின் நடுவே ஒரு பட்டை மட்டும் உடையாமல் அமைதியாக, கொஞ்சம் இருண்டு தெரிந்தால் அங்கே இறங்காதீர்கள். கரைக்கு வந்த நீர் திரும்பிப் போகும் வழி அது. அமைதியாகத் தெரிவதே அதன் ஏமாற்று. மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நேராக எதிர்த்து நீந்தாமல், கரையோரமாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பைவிட்டு வெளியே வந்தபின் கரையேறுங்கள். 2004 டிசம்பர் 26-ஐ இந்த ஊர் மறக்கவில்லை. மீனவர்கள் "இறங்காதீங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் காரணம் கேட்காமல் திரும்பிவிடுங்கள்.

இங்கே 'ஓசோன் காற்று' அதிகம், மூச்சுக்கு நல்லது என்று ஒரு பேச்சு உண்டு. நம்ப வேண்டியதில்லை. மூச்சு விடும் காற்றில் ஓசோன் கூடினால் நுரையீரலுக்குக் கெடுதல்தான். காற்று நன்றாக இருக்கிறது. அதற்குக் கடல் போதும்.

கோட்டையின் வடக்கே அலையோரம் மாசிலாமணி நாதர் கோயில். 1306-இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. 'சடங்கன்பாடி' என்று ஊரின் பழைய பெயரைச் சொல்லும் கல்வெட்டு இங்கே உள்ளது. கோயிலருகே நின்று கோட்டையைத் திரும்பிப் பாருங்கள்: முந்நூறு ஆண்டு மூத்த கோயில் கடலுக்கு எவ்வளவு கொடுத்திருக்கிறது என்று தெரிந்தால், கோட்டையின் முன்னால் இருந்த கரை எங்கே போயிற்று என்பதும் புரியும்.

படம் எடுக்கிறவர்களுக்கு

கோட்டையின் கடல்முகம் கிழக்கு. அதில் வெளிச்சம் விழுவது சூரியன் எழுந்த முதல் இரண்டு மணி நேரம். ஜனவரியில் உதயம் 6.30-ஐ ஒட்டி, ஜூனில் 5.45-ஐ ஒட்டி. அந்த நேரத்தில் கோட்டை பூட்டியிருக்கும், வெளியிலிருந்து எடுக்கத் தடையில்லை. முற்றத்தைப் பார்த்த முகம் மேற்கு. அது 3.30-க்குப் பிறகு பொன்னிறமாகும். நண்பகலில் இரண்டு பக்கமும் தட்டையாகத்தான் வரும், அந்த நேரத்தை உள் அறைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏசி வண்டியிலிருந்து இறங்கியதும் கேமராவை எடுத்தால் லென்ஸ் பனி பிடித்துக்கொள்ளும். துடைத்தால் மறுபடி பிடிக்கும். இறங்குவதற்கு இருபது நிமிடம் முன்பே ஏசியை நிறுத்தி ஜன்னலைத் திறந்துவிடுங்கள், அல்லது பையோடு வெளியே வைத்து ஆறவிடுங்கள். டிரோன் கொண்டுவர வேண்டாம். பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் மேல் அனுமதியில்லாமல் பறக்கவிட்டால் கருவி கையைவிட்டுப் போகும்.

பையில் என்ன, அடுத்து எங்கே

ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், தொப்பி, பின்புறம் வார் உள்ள செருப்பு. கழிப்பறைத் தேவையைப் பொறையாரிலோ விடுதியிலோ முடித்துக்கொண்டு வாருங்கள். 1 மணி இடைவேளையில் பொறையாருக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு 2.30-க்குத் திரும்பினால் மாலை வெளிச்சத்துக்குச் சரியாக இருக்கும். மீன் குழம்புச் சாப்பாடு வேண்டுமென்றால் சீக்கிரம் போங்கள், இரண்டு மணிக்குமேல் ரசம்தான் மிஞ்சும்.

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டியில் வருகிறவர்கள் சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டை, ஆலம்பரைக் கோட்டை, தரங்கம்பாடி மூன்றையும் ஒரே நாளில் கோத்துவிடத் திட்டமிடுவதுண்டு. முதல் இரண்டை ஒரு நாளில் பார்க்கலாம். மூன்றாவதை நெருங்கும்போது மணி ஆறாகியிருக்கும், கதவு சாத்தியிருக்கும். அன்றிரவு இங்கே வந்து தங்கி, மறுநாள் விடியலில் கடற்கரை, 8 மணிக்கு நிலவாசல், 10 மணிக்குக் கோட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மறுநாள் வெள்ளியா என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வீடு திரும்பியதும் கேமரா, மூக்குக்கண்ணாடி, கார்க் கண்ணாடி எல்லாவற்றையும் முதலில் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுங்கள். உலர்ந்த துணியால் தேய்த்தால் படிந்திருக்கும் உப்புத்தூள் கீறிவிடும்.